ஆக்லாந்தில் எடுத்து கிறைஸ்ட்சர்ச்சில் விடும் கேம்பர்வேன்: பணம் கட்டும் முன் படியுங்கள்

ஊரிலிருந்து அப்பா அம்மா வந்தால் நியூசிலாந்தைச் சுற்றிக் காட்ட நம்மவர்கள் பலரும் போடும் திட்டம் இதுதான்: ஆக்லாந்தில் ஒரு கேம்பர்வேன் (உள்ளேயே படுக்கவும் சமைக்கவும் வசதியுள்ள வண்டி) வாடகைக்கு எடுப்பது, டௌபோ, வெலிங்டன் என்று ஓட்டி ஃபெர்ரியில் தெற்குத் தீவுக்குப் போவது, கைகோரா வழியாக கிறைஸ்ட்சர்ச் சேர்ந்து வண்டியை அங்கேயே ஒப்படைத்துவிட்டு விமானத்தில் திரும்புவது. போன கோடையில் நாங்களும் அப்படித்தான் போனோம். பயணத்தில் ஒரு குறையும் இல்லை. வண்டி கொடுத்த நிறுவனம்தான் எங்களை நன்றாக ஏமாற்றியது. புகார் நிலுவையில் இருப்பதால் பெயர் போடவில்லை. ஆனால் அவர்கள் செய்த ஒவ்வொன்றையும் இன்னொரு நிறுவனமும் செய்ய முடியும், அதனால் நடந்ததை முழுதாக எழுதுகிறேன்.

முதலில் ஒன்வே கட்டணம். பதிவு செய்வதற்கு முன்பே மெயிலில் கேட்டேன், வேறு ஊரில் விடுவதற்குத் தனியாக ஏதாவது உண்டா என்று. "எல்லாம் சேர்த்துத்தான் விலை" என்று பதில் வந்தது. வண்டி எடுக்கப் போன அன்று கவுன்டரில் 300 டாலர் கூடுதலாகக் கேட்டார்கள். மெயிலை எடுத்துக் காட்டினால், "அது விமான நிலையக் கிளைக் கட்டணத்தைப் பற்றி எழுதியது" என்றார் அந்தப் பெண். வெளியே பெட்டிகளோடு அப்பாவும் அம்மாவும் நிற்கிறார்கள், ஃபெர்ரி டிக்கெட் வாங்கியாயிற்று, கோடைக்கால நெரிசலில் வேறு வண்டி கிடைக்காது. இது அவர்களுக்கும் தெரியும். கட்டிவிட்டு வெளியே வந்தேன். "திரும்பி வர்ற காசையும் சேர்த்துக் கேக்குற டாக்சிக்காரன் மாதிரியாப்பா?" என்றார் அப்பா. கிட்டத்தட்ட அதேதான், ஒரு வித்தியாசத்தோடு: இந்த வண்டியைத் திருப்பிக் கொண்டுவர வேறு பயணிகளே கிடைப்பார்கள்.

சுற்றுலாப் பயணிகளில் பெரும்பாலோர் ஆக்லாந்தில் இறங்கி தெற்கே போகிறார்கள். வண்டிகள் கிறைஸ்ட்சர்ச்சிலும் குவீன்ஸ்டவுனிலும் போய்ச் சேர்ந்துவிடும். அவற்றை வடக்கே கொண்டுவர ஆள் தேவை. அதனால்தான் கிறைஸ்ட்சர்ச்சிலிருந்து ஆக்லாந்துக்கு நாளுக்கு ஒரு டாலர் என்றெல்லாம் ரீலொகேஷன் சலுகைகள் வருகின்றன, சிலவற்றில் ஃபெர்ரி டிக்கெட்டோ ஒரு டேங்க் எரிபொருளோ கூடச் சேர்ந்திருக்கும். நாட்கள் குறைவாகத்தான் கொடுப்பார்கள், நின்று நிதானமாகப் பார்க்க முடியாது. வயதானவர்களோடு போகிறவர்களுக்கு அது சரிப்படாது. ஆனால் முழு வாடகை கொடுத்துப் போகிறவர்களும் திசையை மாற்றி, முதலில் விமானத்தில் தெற்கே போய் அங்கிருந்து வடக்கே ஓட்டினால் எவ்வளவு ஆகும் என்று ஒருமுறை விலை கேட்டுப் பாருங்கள்.

அடுத்தது டீசல். நியூசிலாந்தில் பெட்ரோலுக்கான சாலை வரி பம்ப்பிலேயே சேர்ந்துவிடும். டீசல் வண்டிக்கு ஓடிய தூரத்துக்கு ஏற்பத் தனியாகக் கட்ட வேண்டும். மூன்றரை டன்னுக்கு உட்பட்ட வண்டி என்றால் 1000 கிலோமீட்டருக்கு 76 டாலர், அதாவது 100 கிலோமீட்டருக்கு 7 டாலர் 60 சென்ட். எங்களிடம் 100 கிலோமீட்டருக்கு 12 டாலர் பிடித்தார்கள். "அரசாங்க வரி" என்றே பில்லில் போட்டிருந்தது. ஆக்லாந்திலிருந்து வெலிங்டன் சுமார் 640 கிலோமீட்டர், பிக்டனிலிருந்து கிறைஸ்ட்சர்ச் இன்னொரு 340. அங்கே இங்கே திரும்பினால் தூரம் இன்னும் ஏறும். பெரிய தொகை இல்லைதான், ஆனால் அரசாங்கத்தின் பெயரைச் சொல்லித் தன் பங்கை ஏற்றி வாங்குவது எனக்குப் பொறுக்கவில்லை. இதற்கு எவ்வளவு வாங்குவீர்கள் என்று முன்பே எழுத்தில் கேளுங்கள்.

ஃபெர்ரியில் வண்டியின் நீளத்துக்குத்தான் காசு. அவர்கள் தந்த தாளில் 6.4 மீட்டர் என்று இருந்தது, அதை நம்பித்தான் டிக்கெட் போட்டோம். வெலிங்டன் துறைமுகத்தில் அளந்தபோது பின்னால் சைக்கிள் மாட்டும் சட்டத்தோடு 7 மீட்டரைத் தாண்டியது. வித்தியாசத்தைக் கட்ட வேண்டியதாயிற்று. வண்டி எடுக்கும்போதே ஒரு டேப்பை வைத்து அளந்துவிடுங்கள்.

கழிவறை விஷயத்தில்தான் அம்மா மிகவும் பயந்துபோனார். விளம்பரத்தில் "செல்ஃப் கன்டெய்ன்ட்", அதாவது கழிவறையும் தண்ணீரும் வண்டிக்குள்ளேயே உண்டு, என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். ஹாலிடே பார்க்கில் காசு கொடுக்காமல், உள்ளூர் கவுன்சில் அனுமதிக்கும் இடங்களில் இரவு தங்கப் பெரும்பாலும் அந்தத் தகுதி வேண்டும். 2023ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி கழிவறை வண்டியோடு நிலையாகப் பொருத்தப்பட்டிருக்க வேண்டும், அப்போதுதான் பச்சை நிறச் சான்று கிடைக்கும். எங்களுக்குக் கொடுத்த வண்டியில் அலமாரிக்குள் தூக்கி வைக்கும் ஒரு பிளாஸ்டிக் பெட்டிதான் இருந்தது, கண்ணாடியில் பழைய விதியின் நீல ஸ்டிக்கர். கவுன்டரில் கேட்டதற்கு "அது செல்லும், கவலைப்படாதீர்கள்" என்றார்கள். கைகோராவுக்கு அருகே கடலோரத்தில் விடிகாலையில் கவுன்சில் அதிகாரி கதவைத் தட்டினார். மரியாதையாகத்தான் பேசினார், தவறும் அவர் மீது இல்லை. 400 டாலர் அபராதம். "போலீஸாடா?" என்று கேட்ட அம்மா அன்று முழுவதும் சரியாகச் சாப்பிடவில்லை. அபராதத்தை நிறுவனம் ஏற்கவில்லை, அதற்கு மேல் நிர்வாகக் கட்டணம் என்று வேறு ஒரு தொகை சேர்த்தது. பச்சைச் சான்று இல்லாத வண்டியை, அவர்கள் வாயால் என்ன சொன்னாலும், எடுக்காதீர்கள்.

இதையெல்லாம் விடப் பெரிய அடி கிறைஸ்ட்சர்ச்சில்.

எடுத்த இடத்திலேயே வண்டியைத் திருப்பிக் கொடுத்தால், சாவி கொடுத்தவரே பெரும்பாலும் திரும்ப வாங்குவார், என்ன பேசினோம் என்பது அவருக்கு நினைவிருக்கும். ஒன்வே பயணத்தில் வாங்குகிறவர் வேறு ஆள். எங்கள் விஷயத்தில் நிறுவனமே வேறு. விமான நிலையத்துக்குப் பக்கத்தில் இருந்த அந்தக் கொட்டகையில் வேறொரு பெயர்ப்பலகை தொங்கியது. அவர்கள் ஏஜென்ட்டாம். "ஆக்லாந்தில் உங்களிடம் என்ன சொன்னார்கள் என்பது எங்களுக்குத் தெரியாது. வண்டியைப் பார்த்து ரிப்போர்ட் போடுவது மட்டும்தான் எங்கள் வேலை" என்றார் அங்கிருந்தவர்.

இரண்டு தீவுகளுக்கும் இடையிலுள்ள குக் ஜலசந்தியில் அலை அதிகமாக இருந்ததால் எங்கள் ஃபெர்ரி மறுநாளைக்குத் தள்ளிப்போயிருந்தது. உடனே ஆக்லாந்துக்கு போன் செய்து சொன்னோம், "பரவாயில்லை, மெதுவாக வாருங்கள்" என்றார்கள். கிறைஸ்ட்சர்ச்சில் ஒரு நாள் வாடகையும் தாமதக் கட்டணமும் போட்டார்கள். அந்த ஜலசந்தியில் காற்றாலும் அலையாலும் கப்பல் நிற்பது சாதாரணம். அங்கே ஓடிய ஃபெர்ரிகளில் ஒன்றான அராடெரேவும் 2025 ஆகஸ்டில் ஓய்வு பெற்றுவிட்டதால், ஒரு பயணம் ரத்தானால் அடுத்ததில் கேம்பர்வேனுக்கு இடம் கிடைப்பது இன்னும் சிரமம். ஃபெர்ரி தாமதமானால் கட்டணம் உண்டா என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குங்கள்.

பிறகு அந்த ஏஜென்ட் ஏணியைக் கொண்டுவந்து சாய்த்தார், கூரையை போட்டோ எடுத்தார். முன்பக்க விளிம்பில் ஃபைபரில் ஒரு முழ நீளத்துக்கு விரிசல். ஆக்லாந்தில் வண்டியைச் சுற்றிச் சுற்றி வீடியோ எடுத்தபோது நான் ஏணி கேட்டேன். "கூரையெல்லாம் பார்க்கத் தேவையில்லை" என்று தர மறுத்தார்கள். அந்தப் பேச்சும் வீடியோவில் இருக்கிறது. "முழு இன்சூரன்ஸ்" என்று நாளுக்கு இவ்வளவு என வாங்கிய திட்டத்தில் கூரையும் அடிப்பாகமும் சேராது என்பது பின்பக்கப் பொடி எழுத்தில் இருந்தது. பல நிறுவனங்களில் இப்படித்தான் இருக்கிறது. பாண்டிலிருந்து, அதாவது சேதம் வந்தால் என்று முன்பே வாங்கி வைத்திருந்த பிணைத்தொகையிலிருந்து, 2,800 டாலரைப் பிடித்துக்கொண்டார்கள். விமானத்துக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. ரிப்போர்ட்டில் "இந்தச் சேதத்தை ஒப்புக்கொள்ளவில்லை" என்று என் கையால் எழுதி, அதன் கீழ் கையெழுத்துப் போட்டேன், அந்தத் தாளை போட்டோவும் எடுத்துக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்த பிறகு அவர்கள் அனுப்பிய போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தோம். விரிசலின் ஒரு பாதியில் பழைய சிலிகான் பூச்சு, மஞ்சளாகி ஓரத்தில் உரிந்திருந்தது. மறுபாதியில், பிளவுக்குள்ளேயே, பச்சைப் பாசி. நாங்கள் ஓட்டிய நாட்களில் பாசி வளராது. அவர்களே எடுத்த போட்டோ அது. எத்தனை குடும்பங்களிடம் அதே விரிசலுக்குப் பணம் வாங்கினார்களோ என்ற சந்தேகம் எனக்கு இன்னும் போகவில்லை. பழுது பார்த்ததற்கான ரசீதைக் கேட்டோம். மதிப்பீடு மட்டும் வந்தது, ரசீது இதுவரை வரவில்லை.

இப்படி மாட்டிக்கொண்டவர்களுக்கு: பணத்தை கிரெடிட் கார்டில் கட்டியிருந்தால் முதலில் வங்கியில் ஆட்சேபம் போடுங்கள். அடுத்து சிறிய தொகை வழக்குகளைக் கேட்கும் டிஸ்ப்யூட்ஸ் ட்ரைப்யூனல். அங்கே வக்கீல் கிடையாது, நிறுவனமும் வக்கீல் வைக்க முடியாது, நடுவர் இரண்டு பக்கத்தையும் கேட்டு உத்தரவு போடுவார். இணையத்திலேயே விண்ணப்பிக்கலாம். விளம்பரத்தில் ஒன்று சொல்லிவிட்டு வேறொன்று கொடுப்பது 1986ஆம் ஆண்டு ஃபேர் ட்ரேடிங் சட்டத்தின் கீழ் வருகிறது, சொன்ன தகுதி இல்லாத வண்டியைக் கொடுத்ததற்கு 1993ஆம் ஆண்டு கன்சியூமர் காரன்டீஸ் சட்டம் இருக்கிறது. விண்ணப்பத்தில் இரண்டையும் குறிப்பிடுங்கள். நிறுவனங்களின் வணிக முறைகளைக் கண்காணிக்கும் அரசு அமைப்பான காமர்ஸ் கமிஷனுக்கும் புகார் அனுப்புங்கள். அவர்கள் தனி ஒருவருக்காகப் பணம் வாங்கித் தரமாட்டார்கள், ஆனால் ஒரே நிறுவனத்தின் மேல் புகார்கள் சேர்ந்தால் விசாரிப்பார்கள். ஊரிலிருந்து வந்தவர்கள் பெயரில் ஒப்பந்தம் போடாதீர்கள், இங்கே இருக்கும் ஒருவர் பெயரில் போட்டால் பின்னால் அலைவது எளிது.

பாதித் தொகையைத் தருகிறோம், விண்ணப்பத்தைத் திரும்பப் பெறுங்கள் என்று போன வாரம் அவர்களிடமிருந்து மெயில் வந்தது. மறுத்துவிட்டோம், விசாரணைத் தேதிக்காகக் காத்திருக்கிறோம். கூரை விரிசல் என்று சொல்லி உங்களிடமும் பாண்ட் பிடித்திருந்தால் போட்டோவையும் ரிப்போர்ட்டையும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். பொதுவாக ஆறு ஆண்டுகள் வரை கோரிக்கை வைக்கலாம்.