இண்டக்‌ஷன் ஸ்டவ்: ஒத்த ஐஜிபிடியா, ஹாஃப் பிரிட்ஜா?

ரெசனன்ஸ் (காயிலும் கெப்பாசிட்டரும் சேர்ந்து தானா ஆடுற ஃப்ரீக்வன்சி) ஃபார்முலா நெறைய பேருக்கு மனப்பாடம், ஆனா இன்வர்ட்டர் அத வச்சு என்ன பண்ணுதுன்னு கேட்டா முழிப்போம். இண்டக்‌ஷன் ஸ்டவ்வும் இன்வர்ட்டர்தான், 230 வோல்ட்ட டிசி ஆக்கி, ஹை ஃப்ரீக்வன்சில காயிலுக்கு தள்ளுது.

விலை கம்மி ஸ்டவ்ல பெரும்பாலும் ஒரே ஐஜிபிடி (வேகமா ஆன் ஆஃப் ஆகுற பவர் ஸ்விட்ச்), காயிலும் கெப்பாசிட்டரும் பேரலல்ல. 90 மைக்ரோஹென்றி, 0.3 மைக்ரோஃபாரட்னு வைங்க, ரெசனன்ஸ் 30 கிலோஹெர்ட்ஸ் பக்கம் வரும், ஆன் டைமும் சேர்றதால ஓடுறது அதுக்கும் கீழதான். ஐஜிபிடி ஆஃப் ஆனதும் எல்சி, அதாவது காயிலும் கெப்பாசிட்டரும், தானா ஆடி வோல்டேஜ் 1000த்தை தாண்டி ஏறி திரும்ப சைபருக்கு இறங்கும், அந்த நேரம் பாத்து மறுபடி ஆன் பண்ணணும் (1200 வோல்ட்டும் அதுக்கு மேலயும் உள்ள ஐஜிபிடி போடுறது இதுக்குத்தான்). பவர குறைக்க ஆன் டைம குறைக்கணும், ரொம்ப குறைச்சா ஆட்டம் பத்தாது, வோல்டேஜ் சைபர் தொடாது, அப்ப ஆன் பண்ணா கெப்பாசிட்டர் சார்ஜ் மொத்தமும் ஐஜிபிடி தலைல. அதான் கம்மி சூட்டுல பால் வச்சா குபுகுபுன்னு வரும், அடங்கும், மறுபடி வரும், ஸ்டவ் ஆன் ஆஃப்னு விட்டு விட்டு ஓடுது.

ஹாஃப் பிரிட்ஜ் வேற ரகம். ரெண்டு ஐஜிபிடி, எல்சி சீரிஸ்ல, ஒவ்வொண்ணு மேலயும் டிசி பஸ் (230 வோல்ட்ட டிசி ஆக்கின லைன்) வோல்டேஜ், அதாவது 325 கிட்டதான் விழும், 600 வோல்ட் ஐஜிபிடியே போதும். ஆனா ஃப்ரீக்வன்சிய எப்பவும் ரெசனன்ஸுக்கு மேலயே வச்சிருக்கணும். மேல இருந்தா கரண்ட் பின்தங்கும், ஐஜிபிடி கூடவே இருக்குற டையோடு (கரண்ட ஒரு பக்கம் மட்டும் விடுறது) மொதல்ல கடத்தும், ஐஜிபிடி சைபர் வோல்டேஜ்ல ஆன் ஆகும், ஃப்ரீக்வன்சிய ஏத்த ஏத்த பவர் குறையும், பாலும் ஒழுங்கா காயும். கீழ போயிட்டா எதிர்பக்க டையோடு கடத்திட்டு இருக்கும்போதே இது ஆன் ஆகும், ஒவ்வொரு சைக்கிளுக்கும் ஒரு கரண்ட் ஸ்பைக், சூடு. பாத்திரம் நகந்தா இண்டக்டன்ஸ் மாறி ரெசனன்ஸும் நகரும், அதனால கண்ட்ரோலர் தொரத்திட்டே இருக்கணும்.

சமைக்க எனக்கு ஹாஃப் பிரிட்ஜ்தான், பழுது பாக்க ஒத்த ஐஜிபிடி லேசு, பார்ட்ஸும் கம்மி.

ரெண்டுலயும் ரெசனன்ஸ் கெப்பாசிட்டர் மாத்துறப்ப பாத்து செய்ங்க. 0.3 இருந்த எடத்துல 0.2 மாட்டினா ஒத்த ஐஜிபிடில பீக் வோல்டேஜ் எகிறி வெடிக்கும், ஹாஃப் பிரிட்ஜ்ல ரெசனன்ஸ் மேல ஏறிடும், கண்ட்ரோலரோட பழைய ஃப்ரீக்வன்சி கீழ மாட்டிக்கும், கொஞ்ச நேரம் ஓடிட்டு சூடாகி போகும். பக்கத்துல இருக்குற 5 மைக்ரோஃபாரட் டிசி பஸ்ஸுக்கானது, அத இதோட குழப்பிக்காதீங்க.