ஐந்து ரோடு ஆங்கில வகுப்பு: சீனாவுக்குக் கடிதம் எழுதுகிறவர்கள் சேரலாம்

சேலம் செவ்வாய்பேட்டையில் ஒரு வெள்ளிக் கொலுசுப் பட்டறையில் கணக்கும் கடிதமும் பார்க்கிறேன். செயின் மிஷினுக்கு உதிரி பாகங்கள் சீனாவின் குவாங்டாங் மாகாணத்திலிருந்து வருகின்றன. அனுப்புகிறவர்களும் ஆங்கிலத்தில்தான் எழுதுகிறார்கள், அதுவும் அவர்கள் பாணி ஆங்கிலம். அதைப் புரிந்துகொள்ளத்தான் ஐந்து ரோடு பக்கம் ஒரு மாடியில் நடக்கும் மாலை வகுப்பில் சேர்ந்தேன். மாதம் 1,500 ரூபாய். தாராளமாகத் தரலாம்.

வகுப்பெடுக்கும் மேடம் முன்பு சீனாக்காரர்களுக்கு ஆன்லைனில் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தவர். அவர்களுக்காக எழுதிய குறிப்புகளைத்தான் எங்களுக்கும் தருகிறார். எனக்கு மிகவும் பிடித்தது 'சாக்ரிஃபைஸ்', அதாவது தியாகம் செய்வது, என்ற வினையைப் பற்றிய பாடம். சீனத்தில் இதற்கு 'ஷிஷெங்'. போரில் ஒரு வீரர் இறந்தால் அங்கே அந்த ஒரு வினையே போதும், உயிர் என்று தனியாகச் சொல்ல வேண்டாம். அதே பழக்கத்தில் 'ஹி சாக்ரிஃபைஸ்ட்' என்று எழுதி நிறுத்திவிடுகிறார்கள். ஆங்கிலத்தில் எதை என்று சொல்லியாக வேண்டும்: 'ஹி சாக்ரிஃபைஸ்ட் ஹிஸ் லைஃப்'. யாருக்காக என்றால் கூடவே 'ஃபார்'. மேடம் போர்டில் வினையை எழுதி, பக்கத்தில் ஒரு காலிக் கட்டம் போட்டார். தூக்கம், லாபம், ஞாயிற்றுக்கிழமை என்று ஆளுக்கொன்றாக நிரப்பினோம். ஷிஷெங்கின் இரண்டு எழுத்திலும் இடப்பக்கம் மாட்டைக் குறிக்கும் உறுப்பு இருக்கிறது. பழைய நாளில் அந்தச் சொல்லுக்குப் பலி கொடுக்கும் விலங்கு என்றுதான் பொருளாம். முனியப்பன் கோயில் கிடாவெட்டுக்குப் போய்ப் பழகிய எங்களுக்கு அதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை.

அப்புறம் 'ஃபாங்ச்சி'. உரிமையை விட்டுக்கொடுத்தாலும், வாய்ப்பை வேண்டாம் என்றாலும், முயற்சியைக் கைவிட்டாலும் சீனத்தில் இந்த ஒரே சொல் வரும். ஆங்கிலத்தில் கட்டணத்தை விட்டுக்கொடுத்தால் 'வெய்வ்', வாய்ப்பை வேண்டாம் என்றால் 'ஃபர்கோ', முயற்சியைக் கைவிட்டால் 'கிவ் அப்'. எங்களுக்கு வந்த ஒரு கடிதத்தில் கப்பல் கூலியை 'கிவ் அப்' செய்கிறோம் என்று இருந்தது. சரக்கே வராதோ என்று முதலாளி பதறிவிட்டார். கூலி வாங்க மாட்டோம் என்பதைத்தான் அவர்கள் அப்படி எழுதியிருக்கிறார்கள். இந்த வகுப்புக்கு வந்த பிறகு, இப்படி ஒரு வரி வந்தால் அதற்குப் பின்னால் எந்தச் சீன வினை இருக்கும் என்று முதலில் யோசிக்கிறேன். பதிலிலும் 'வெய்வ்' போடுவதில்லை. ஷிப்பிங்குக்குக் காசு இல்லை, சரிதானே என்று நேராகக் கேட்டுவிடுகிறேன்.

குறைகளும் உண்டு. குறிப்புகளின் ஜெராக்ஸ் மங்கல். கோடுகள் அதிகமுள்ள சீன எழுத்துகள் கறுப்புப் பொட்டாகத்தான் தெரிகின்றன. படிக்கிற பிள்ளைகளிடம் நல்ல பிரதி கொடுத்தால் என்ன? பேச்சுப் பயிற்சி மிகக் குறைவு, அதனால் இன்டர்வியூவுக்குத் தயாராகிறவர்களுக்கு இது ஒத்துவராது. வண்டி நிறுத்தக் கீழே இடமில்லை. மாலையில் ஹாரன் சத்தம் அதிகம், ஜன்னல் பக்கம் உட்காராதீர்கள். வெளிநாட்டு ஆர்டர் பார்க்கிற கொலுசு, ஜவ்வரிசிக்காரர்கள் தங்களுக்கு வந்த கடிதங்களையே எடுத்துக்கொண்டு போகலாம். பெயரையும் விலையையும் அழித்துவிட்டுக் கொடுத்தால் மேடம் அதை வைத்தே பாடம் நடத்துவார்.