பஞ்சமி நிலத்தில் "பத்து வருஷக் கெடு முடிஞ்சுபோச்சு" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்

பஞ்சமி நிலம், அதாவது பட்டியல் சமூகத்தவருக்கு அரசு நிபந்தனையோடு கொடுத்த நிலம், வைத்திருக்கும் நம் சனங்களும், ஊருக்கு வெளியே மனை தேடுகிறவர்களும் இதைப் படித்துவிடுங்கள்.

செய்யாறு பக்கம் எங்கள் தாத்தா வழி வந்த டி.சி. நிலம் (பஞ்சமி நிலத்துக்கு இன்னொரு பெயர்) பெரியப்பா பெயரில் பட்டாவாக இருந்தது. சவுக்கு போட ஐந்து வருஷக் குத்தகை வேண்டும் என்று ஒரு தரகர் வந்து முன்பணம் கொடுத்தார். பதிவு அலுவலகத்துக்குக் கூட்டிப்போய் போட்டோ எடுத்துக் கைரேகை வாங்கினார்கள். பெரியப்பாவுக்கு எழுத்துத் தெரியாது. பத்திரத்தை யாரும் வாசித்துக் காட்டவில்லை. அது குத்தகைப் பத்திரமே இல்லை, விற்கும் உரிமையோடு எழுதிய பொது பவர். சவுக்குக்குப் பதிலாக நிலத்தில் மனைக்கல்தான் முளைத்தது.

கேட்கப் போனால் தரகர் சொன்ன பதில்: "பத்து வருஷம் விக்கக் கூடாது, அவ்ளோதான் கண்டிஷன். அது உங்க தாத்தா காலத்துலயே முடிஞ்சுபோச்சு."

பாதியைச் சொல்லி மீதியை மறைக்கிற பேச்சு இது. செங்கல்பட்டு கலெக்டராக இருந்த திரமென்ஹீர் 1891இல் கொடுத்த அறிக்கையை அடுத்து, 1892 செப்டம்பர் 30ஆம் தேதி அரசாணையின் வழியே வந்த நிலம் இது. முதல் பத்து வருஷம் விற்க, அடமானம் வைக்க, குத்தகைக்கு விட முடியாது. அதற்குப் பிறகும் பட்டியல் சமூகத்தவருக்கு மட்டுமே கொடுக்கலாம். மீறிய கிரயம் செல்லாது, அரசு நிலத்தைத் திரும்ப எடுக்கலாம். இதை மறைக்கத்தான் முதலில் நம்ம ஆள் ஒருவர் பெயரில் கிரயம் முடித்து, அவரிடமிருந்து மற்றவர்களுக்கு மாற்றுகிறார்கள்.

மனை வாங்குகிறவர்களுக்கு: வில்லங்கச் சான்று சுத்தமாக இருப்பதை வைத்து முன்பணம் கொடுக்காதீர்கள். அதில் பதிவான பத்திரங்கள்தான் வரும், பஞ்சமி என்று வராது. நிலத்தின் வகை எழுதியிருக்கும் கிராமத்து 'அ' பதிவேட்டைப் பாருங்கள். 80களின் யூ.டி.ஆரில் (நிலப் பதிவேடுகளைப் புதுப்பித்த அரசுத் திட்டம்) பல இடங்களில் அந்தக் குறிப்பு விடுபட்டிருப்பதால், அதற்கு முந்தைய பதிவேட்டின் நகலையும் தாலுகா அலுவலகத்தில் கேளுங்கள், தராவிட்டால் தகவல் உரிமைச் சட்டத்தில் மனு போடுங்கள்.

காவல் நிலையத்தில் "சிவில் மேட்டர், கோர்ட்டுக்குப் போங்க" என்று எங்களை அனுப்பிவிட்டார்கள். பட்டியல் சாதியினரின் நிலத்தை முறைகேடாகப் பறிப்பது 1989ஆம் வருஷத்து வன்கொடுமைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். அதைச் சொல்லியே எழுத்தில் புகார் கொடுத்து ரசீது வாங்குங்கள்.

போனது போகட்டும் என்று சொந்தக்காரர்களே சொல்கிறார்கள். 1994இல் காரணை கிராமத்துப் பஞ்சமி நிலத்துக்காகப் போராடி, செங்கல்பட்டுத் துப்பாக்கிச் சூட்டில் ஜான் தாமஸும் ஏழுமலையும் செத்தார்கள். எங்களால் விட முடியாது.

மனு எழுதும்போது ஒன்று முக்கியம். கிரயத்தை ரத்து செய்யச் சொல்வதோடு நிறுத்தாதீர்கள். அரசு எடுத்துக்கொண்டால் நிலம் வேறொருவருக்குப் போகலாம். வாரிசுகளான எங்களுக்கே மறு ஒப்படை வேண்டும், அதாவது நிலத்தை மறுபடி எங்கள் பெயருக்கே ஒதுக்க வேண்டும் என்று அதே மனுவில் கேளுங்கள்.