ஸ்பின்னர்: பிளாஸ்டிக்கா, அலுமினியமா?

மாதிரி விமானத்தின் ப்ரொப்பெல்லருக்கு முன்னால் மாட்டும் கூம்பான ஸ்பின்னரைப் பிளாஸ்டிக்கில் வாங்குவதா, அலுமினியத்தில் வாங்குவதா என்று சென்னையில் புதிதாகப் பறக்கவிடுவோர் என்னிடம் அடிக்கடி கேட்கிறார்கள்.

விலை: பிளாஸ்டிக் மலிவு, அலுமினியம் பல மடங்கு.

எடை: பிளாஸ்டிக் லேசானது. அலுமினியம் கனம்தான், ஆனால் வால் பாரமான விமானத்தில் மூக்கில் ஈயம் ஒட்டும் வேலையை அந்தக் கனமே மிச்சப்படுத்தும்.

உழைப்பு: ஸ்டார்ட்டர் என்னும் கைமோட்டாரின் ரப்பர் கிண்ணத்தைக் கூம்பின்மேல் அழுத்தி எஞ்சினைக் கிளப்புவோருக்கு அலுமினியமே தாங்கும். பிளாஸ்டிக் கூம்பைப் பிடிக்கும் சிறு இரும்புத் திருகுகள் நம் கடற்கரை உப்புக் காற்றில் துருப்பிடிக்கும் என்பதால், துருப்பிடிக்காத எஃகுத் திருகுகளாக மாற்றிக்கொள்ள வேண்டும்.

பொருத்துதல்: இரண்டிலும் பின்தட்டின் (ப்ரொப்பெல்லருக்குப் பின்னால் இருந்து கூம்பைத் தாங்கும் வட்டத் தட்டு) துளை எஞ்சின் தண்டில் ஆட்டமின்றி உட்கார வேண்டும். ஒருமுறை பிளாஸ்டிக் பின்தட்டின் துளையைச் சாதாரண டிரில்லால் பெரிதாக்கினேன். மையம் அரை மில்லிமீட்டர் விலகியதற்கே, வேகம் கூட்டியதும் இறக்கை நுனிவரை நடுங்கியது. அன்றுமுதல், மையம் விலகாமல் துளையைப் பெரிதாக்கும் ரீமர் என்ற கருவியைத்தான் பயன்படுத்துகிறேன். ப்ரொப்பெல்லர் பின்தட்டில் முழுமையாகப் படிய வேண்டும். ப்ரொப்பெல்லர் அலகு வெளியே வரக் கூம்பில் வெட்டிய இடத்தின் விளிம்பு அந்த அலகைத் தொட்டால் அலகில் கீறல் விழுந்து, பின்னர் அங்கேயே முறியும், ஆகவே சுற்றிலும் ஒரு மில்லிமீட்டராவது இடைவெளி விட்டு அரத்தால் ராவ வேண்டும். பிளாஸ்டிக்கில் இது ஐந்து நிமிட வேலை, அலுமினியத்தில் பொறுமை வேண்டும்.

சிறிய மின்மோட்டார் விமானத்துக்கும் பழகுநருக்கும் பிளாஸ்டிக் போதும். ஸ்டார்ட்டர் வைத்துக் கிளப்பும் பெரிய எஞ்சினுக்கு அலுமினியத்தையே வாங்குங்கள். எதை மாட்டினாலும், முதல் ஓட்டத்தின்போது ப்ரொப்பெல்லர் சுழலும் தளத்துக்கு நேராகப் பக்கவாட்டில் நிற்காமல் விமானத்தின் பின்னால் நில்லுங்கள்.