தாமான் வீட்டில் 50 வாட் வால்வு ஆம்ப்: ஓம் பொருத்தமும் அட்டெனுவேட்டரும், நெடுநாள் பயன்பாட்டுக்குப் பிறகு

மலேசியாவில் சுங்கை சிப்புட் மாதிரியான தோட்டப்புறப் பட்டணத்தில் கித்தார் ஆம்ப்பை முழுசாகத் திறந்து வாசிக்க இடம் கிடைப்பது கஷ்டம். தாமான் (வரிசை வீட்டுக் குடியிருப்பு) வீடுகளில் இரண்டு குடும்பத்துக்கு நடுவே ஒரு செங்கல் சுவர்தான். பழைய லயத்து வீடுகளில் அதுவும் பலகை. விடிவதற்கு முன்பே பெரட்டுக்கு (தோட்டத்து விடியற்காலைக் கூட்டம்) கிளம்புகிறவர்கள் பக்கத்திலேயே தூங்குகிறார்கள். (திருவிழாவில் உறுமி மேளம் விடிய விடிய முழங்கினால் யாரும் வாய் திறப்பதில்லை, அது வேறு கணக்கு.) அதனால் வால்வு ஆம்ப் வைத்திருக்கும் நம் ஆட்கள் பலரும் கடைசியில் அட்டெனுவேட்டர் பக்கம் வந்து நிற்கிறார்கள்: ஆம்ப்புக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவே மாட்டி, ஆம்ப்பை முழு மூச்சில் ஓடவிட்டு ஸ்பீக்கரின் சத்தத்தை மட்டும் குறைக்கும் பெட்டி அது. இரண்டு ஈஎல்34 பவர் வால்வு போட்ட 50 வாட் ஹெட் (ஸ்பீக்கர் இல்லாத தனி ஆம்ப்) ஒன்றையும் ஈஎல்84 வால்வு போட்ட 15 வாட் காம்போ (ஸ்பீக்கரும் சேர்ந்தது) ஒன்றையும் ரெசிஸ்டிவ் (வெறும் ரெசிஸ்டர்), ரியாக்டிவ் (ஸ்பீக்கரைப் போல நடந்துகொள்வது) என இரண்டு வகைப் பெட்டிகளோடும் நெடுநாள் ஓட்டியதில் தேறியது கீழே.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். 6 முதல் 12 டெசிபல் வரை குறைக்க அட்டெனுவேட்டர் நல்ல சாமான். அதற்கும் கீழே இறக்கித்தான் ஆக வேண்டும் என்றால் சின்ன ஆம்ப் வாங்குவதே மேல்.

காரணம் கணக்கில் இருக்கிறது. கித்தார் ஸ்பீக்கர்கள் பெரும்பாலும் ஒரு வாட்டுக்கு ஒரு மீட்டர் தூரத்தில் 97 முதல் 100 டெசிபல் சத்தம் தருபவை. 100 டெசிபல் ஸ்பீக்கருக்கு 50 வாட் போனால் 117 டெசிபல். 3 டெசிபல் குறைத்தால் 25 வாட் ஆகிறது, ஆனால் காதுக்குப் பெரிய வித்தியாசம் தெரியாது. 10 குறைத்தால் 5 வாட். அப்போதுதான் சத்தம் பாதியானது போல இருக்கும். 20 குறைத்தால் ஸ்பீக்கருக்குப் போவது வெறும் அரை வாட், ஆனாலும் ஒரு மீட்டரில் 97 டெசிபல் நிற்கிறது. தாமான் வீட்டில் இரவு பத்து மணிக்கு அது சண்டைக்குப் போதும். 40 குறைத்தால் 77 டெசிபல், நியாயமான சத்தம். ஆனால் அங்கே ஸ்பீக்கருக்குக் கிடைப்பது 5 மில்லிவாட்; கோன் அசைவதே தெரியாது. போதாததற்கு, சத்தம் குறையக் குறையக் காது பாஸையும் டிரெபிளையும் சரியாகப் பிடிக்காது. டோன் செத்துவிட்டது என்று பெட்டியைத் திட்டுகிறார்கள். பாதிக் குற்றம் காதுடையது.

இனி ஓம் விஷயம், அதாவது ஆம்ப்பும் ஸ்பீக்கரும் ஒன்றுக்கொன்று பொருந்துவது. வால்வு ஆம்ப் கெடுவது பெரும்பாலும் இங்கேதான்.

இரண்டு ஈஎல்34 உள்ள 50 வாட் ஆம்ப்பின் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர், வால்வுகளுக்குச் சுமார் 3400 ஓம் பாரத்தைக் காட்டும்படி சுற்றப்பட்டது. 8 ஓம் டேப்பில் (ஆம்ப்பின் பின்னால் 8 என்று எழுதிய ஸ்பீக்கர் இணைப்பு) 8 ஓம் ஸ்பீக்கர் இருந்தால்தான் அந்த 3400. அதே டேப்பில் 16 ஓம் கேபினெட்டை (ஸ்பீக்கர் பெட்டி) மாட்டினால் வால்வு பார்ப்பது 6800. 4 ஓம் மாட்டினால் 1700. டிரான்ஸ்ஃபார்மருக்குத் தனக்கென்று ஓம் கிடையாது. மாட்டுகிற பாரத்தை ஒரு விகிதத்தில் பெருக்கிக் காட்டுகிறது, அவ்வளவுதான்.

பாரத்தின் ஓம் அதிகமாகத் தெரிந்தால் வோல்டேஜ் ஏறும், வால்வுக்குள் இருக்கும் ஸ்கிரீன் கிரிட்டில் கரண்ட் ஏறும். ஈஎல்34 சாக்கெட்டில் 3-ஆம் பின் பிளேட், பக்கத்திலேயே 2-ஆம் பின் ஹீட்டர். வோல்டேஜ் தாவினால் இந்த இரண்டுக்கும் நடுவேதான் முதலில் தாவும். சாக்கெட்டைக் கழற்றிப் பார்த்தால் மெல்லிய கரிக்கோடு ஒன்று தெரியும். அந்தக் கரி கரண்டைக் கடத்தும் என்பதால் துடைத்துவிட்டுத் தொடர்வதில் பலனில்லை. சாக்கெட்டையே மாற்ற வேண்டும். பாரத்தின் ஓம் குறைவாகத் தெரிந்தால் வால்வில் கரண்ட் ஏறும், பவர் குறையும், வால்வு சீக்கிரம் தேயும். இரண்டில் ஒன்றைத் தேர்ந்தே ஆக வேண்டும் என்றால் இரண்டாவதுதான் பிழைக்கிற வழி: டேப்பில் எழுதியிருப்பதை விட ஒரு படி குறைந்த ஓம் ஸ்பீக்கர், அதுவும் தற்காலிகமாக. ஸ்பீக்கரே இல்லாமல் வாசிப்பதுதான் எல்லாவற்றிலும் மோசம். பழைய ஃபெண்டர்களில் ஸ்பீக்கர் பிளக்கை உருவினால் ஜாக் தானாகவே அவுட்புட்டை ஷார்ட் செய்துவிடும். திறந்து கிடப்பதை விட ஷார்ட் தேவலை என்று கணக்குப் போட்டுத்தான் அப்படி வைத்தார்கள்.

டிரான்சிஸ்டர் ஆம்ப்புக்கு இந்தப் பொருத்தமெல்லாம் வேண்டாம். பின்னால் எழுதியிருக்கும் குறைந்தபட்ச ஓமுக்குக் கீழே போகாமல் இருந்தால் போதும். அதற்கு அட்டெனுவேட்டரும் தேவையில்லை.

கேபினெட்டின் லேபிளை நம்பாதீர்கள். பழைய சாமான் என்றால் யாரோ ஸ்பீக்கரை மாற்றியிருப்பார்கள். ஸ்பீக்கர் கேபிளை ஆம்ப்பிலிருந்து கழற்றி, மல்டிமீட்டரை 200 ஓமில் வைத்து, பிளக்கின் நுனியிலும் உடலிலும் முனைகளை வையுங்கள். மீட்டர் வயரே 0.3, 0.5 என்று காட்டும், அதைக் கழித்துக்கொள்ளுங்கள். 3 சொச்சம் வந்தால் 4 ஓம், 6-7 வந்தால் 8 ஓம், 12-13 வந்தால் 16 ஓம். நான்கு 16 ஓம் ஸ்பீக்கர் உள்ள 16 ஓம் கேபினெட்டில் 26 பக்கம் காட்டினால் ஒரு ஸ்பீக்கர் போய்விட்டது, அதோடு தொடரில் இருப்பதும் ஊமை. ஆம்ப் இப்போது 32 ஓம் பார்க்கிறது. சத்தம் வந்துகொண்டே இருப்பதால் பலருக்கு இது தெரிவதில்லை. மார்ஷல் 1960ஏ கேபினெட்டில் 4, 16, ஸ்டீரியோவில் 8 என்று வேறு வேறு வழி உண்டு; இருட்டு மேடையில் தவறான ஜாக்கில் செருகுவது சகஜம், செருகும் முன் டார்ச் அடித்துப் பாருங்கள்.

அட்டெனுவேட்டர் நடுவில் வந்ததும் இரண்டு இடங்களில் ஓம் பார்க்க வேண்டும். ஆம்ப் டேப்பும் அட்டெனுவேட்டரின் இன்புட்டும் ஒன்றாக இருந்தே ஆக வேண்டும். ஸ்பீக்கர் பக்கம் எவ்வளவு முக்கியம் என்பது குறைப்பைப் பொறுத்தது. 8 ஓம் எல்-பேட் (இரண்டு ரெசிஸ்டரால் ஆன எளிய அட்டெனுவேட்டர்) ஒன்றில் 8-க்குப் பதில் 16 ஓம் ஸ்பீக்கரை மாட்டினால், 10 டெசிபல் குறைப்பில் ஆம்ப் பார்ப்பது 8.5 ஓம், கவலை இல்லை. 3 டெசிபலில் அதுவே 11. பைபாஸில், அதாவது குறைப்பே இல்லாத நிலையில், முழு 16. ஆகவே பொருந்தாத ஸ்பீக்கரோடு பைபாஸ் பக்கம் போகாதீர்கள்.

எந்தப் பெட்டி? பூகேரா பிஎஸ்1-ல் 4, 8, 16 தேர்வு உண்டு, குமிழைத் திருப்பிக் குறைக்கலாம். டூ நோட்ஸின் முதல் கேப்டர் ஒவ்வொரு ஓமுக்கும் தனி மாடல், குறைப்பு 20 டெசிபல் என்று ஒரே அளவு; வீட்டில் ரெக்கார்டிங் செய்கிறவர்களுக்கே அது அதிகம் பயன்படும். ஃப்ரையட் பவர் ஸ்டேஷன் வேறு சாதி: ஆம்ப்பின் பவரை விழுங்கிவிட்டுத் தன் சொந்த வால்வு பவர் ஆம்ப்பால் மறுபடி பெருக்குகிறது. விலை அதிகம்தான், ஆனால் 20 டெசிபலுக்கு மேல் குறைத்தாலும் டோன் நிற்பது இந்த வகையில்தான்.

ரெசிஸ்டிவ், ரியாக்டிவ் வித்தியாசம் கற்பனை இல்லை. 8 ஓம் ஸ்பீக்கர் என்பது ஒரு பேச்சுக்கு. 75 முதல் 100 ஹெர்ட்ஸ் பக்கம், கோன் தானாக அதிரும் இடத்தில், அதன் இம்பீடன்ஸ், அதாவது அது காட்டும் ஓம், பல மடங்கு ஏறும். மேல் சுரங்களிலும் ஏறும். வெறும் ரெசிஸ்டர் எங்கேயும் 8 தான். அதனால் ரெசிஸ்டிவ் பெட்டியில் பாஸ் சப்பையாகவும் மேலே மழுங்கலாகவும் கேட்கும். 6 டெசிபல் வரை ஆம்ப்பின் பிரசென்ஸ் குமிழைச் சற்று ஏற்றினால் சரிக்கட்டிவிடலாம். சின்ன ஆம்ப் வாங்காமல் 12 தாண்டுவதென்றால் ரியாக்டிவ் பெட்டியின் விலைக்கு அர்த்தம் இருக்கிறது.

கையால் செய்ய விரும்புகிறவர்களுக்கு, 8 ஓமில் 10 டெசிபல் குறைக்கும் நிலையான பேட் எளிது. ஆம்ப்பின் நுனியிலிருந்து ஸ்பீக்கரின் நுனிக்குத் தொடராக 5.6 ஓம், ஸ்பீக்கருக்குக் குறுக்கே 3.9 ஓம். 50 வாட் வந்தால் தொடர் ரெசிஸ்டர் மட்டும் 34 வாட் சூட்டை வாங்கும், குறுக்கே இருப்பது 11, ஸ்பீக்கருக்கு மிஞ்சுவது 5. முழுசாக டிஸ்டார்ட் ஆகும்போது 50 வாட் ஆம்ப் எழுதியிருப்பதைப் போல ஒன்றரை மடங்குக்கு மேலும் தள்ளும். ஆகவே முதலாவது 100 வாட், இரண்டாவது 50 வாட், தங்க நிற அலுமினிய உறை வகை. கோலாலம்பூர் ஜாலான் பாசார் எலக்ட்ரானிக் கடைகளில் கேட்டுப் பாருங்கள். அந்த 100 வாட் என்பது ஹீட்சிங்க்கில் திருகி, நடுவில் ஹீட்சிங்க் பேஸ்ட் பூசினால்தான்; சும்மா தொங்கவிட்டால் அதில் பாதிகூடத் தாங்காது. வயர் 1.5 சதுர மில்லிமீட்டர், பெட்டி இரும்பு, மேலும் கீழும் துளை. கித்தார் கேபிளை ஸ்பீக்கர் கேபிளாகப் பயன்படுத்தாதீர்கள். உள்ளே ஓடும் மெல்லிய கம்பி சூடாகி இன்சுலேஷன் இளகும்.

நம் ஊர்ச் சூட்டில், ஈரத்தில் சீக்கிரம் கெடுவது ரெசிஸ்டர் அல்ல, ஜாக்கும் சுழல் ஸ்விட்சும்தான். தொடுமுனை கறுத்தால் சத்தம் விட்டுவிட்டு வரும். அதாவது ஆம்ப் பாரமில்லாமல் தவிக்கிறது. காண்டாக்ட் கிளீனரை அவ்வப்போது அடியுங்கள். படிப்படியான ஸ்விட்ச் உள்ள பெட்டியில் வாசித்துக்கொண்டே ஸ்விட்சைத் திருப்பாதீர்கள். ஒரு படிக்கும் அடுத்த படிக்கும் நடுவில் கணநேரம் இணைப்பே இருக்காது. ஆம்ப்பின் தலையில் பெட்டியை வைத்தால் இரண்டும் ஒன்றையொன்று சுடும். இதமான சூடு என்று பல்லி துளை வழியே உள்ளே போய்ப் படுக்கும். துளைக்கு மேல் கம்பி வலை ஒட்டுவது நல்லது.

வால்வு தேய்வதைப் பற்றி யாரும் விற்கும்போது சொல்வதில்லை. வெளியே சத்தம் குறைவு, உள்ளே ஆம்ப் முழு மூச்சில் ஓடுகிறது. தினமும் இப்படி வாசித்தால் பவர் வால்வு சீக்கிரம் மாற்ற வேண்டிவரும். மாற்றும்போது பயாஸ் (வாசிக்காதபோது வால்வில் ஓடும் கரண்ட்) பார்க்கச் சொல்லுங்கள்: ஈஎல்34-க்கு 25 வாட் எல்லையில் 70 சதவீதம் என்றால் 17.5 வாட், பிளேட்டில் 450 வோல்ட் இருந்தால் சுமார் 39 மில்லிஆம்ப். ஆம்ப்பை அணைத்த பிறகும் கெப்பாசிட்டரில் ஆளைக் கொல்லும் வோல்டேஜ் நிற்கும், எனவே இது வேலை தெரிந்தவர் செய்ய வேண்டியது. ப்ரீஆம்ப் (பவர் வால்வுக்கு முந்தைய கட்டம்) டிஸ்டார்ஷனிலேயே காலம் தள்ளுகிறவருக்கு இந்தச் செலவே வீண். மாஸ்டர் வால்யூமைக் குறைத்தால் போதும்.

பாலாய் ராயா (ஊர்ப் பொது மண்டபம்) மேடைக்கு மட்டும் வேறு யோசனை. அங்கே 6 டெசிபல் குறைத்து, ஸ்பீக்கர் முன் மைக் வைத்து, மீதியைப் பிஏ-விடம் (மேடை ஒலிபெருக்கி) விடுங்கள். பாடுகிறவர் மைக்கில் கித்தார் ஏறாது, முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் பெரியவர்களும் எழுந்து போகமாட்டார்கள்.