அபார்த் புன்ட்டோ: 145 குதிரை, 155 மில்லிமீட்டர்

என் அபார்த் புன்ட்டோவுக்கு இந்த முறை வந்த பில்லில் இருந்தவை: இரண்டு பக்கமும் லோயர் ஆர்ம் புஷ் (சக்கரத்தைத் தாங்கும் கையில் இருக்கும் ரப்பர்), லிங்க் ராட், சைலென்சர் குழாயில் கிழிந்துபோன பெல்லோஸ் (குழாய் அசைந்துகொடுக்க வைத்த மடிப்புத் துண்டு), அதற்கு வெல்டிங் கூலி, அப்புறம் வீல் அலைன்மென்ட். எஞ்சினில் வேலை இல்லை, டர்போவில் இல்லை, பிரேக்கில் இல்லை. செலவு மொத்தமும் வண்டிக்கு அடியில்தான். போன முறையும் அப்படித்தான். எல்லாம் வேகத்தடைகளின் கைங்கரியம். பணம் கட்டிய சூட்டோடு எழுதுகிறேன், காரம் கொஞ்சம் தூக்கலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எழுத இன்னொரு காரணமும் உண்டு. கல்லூரி நண்பன் ஒருவன் கையில் ஐந்து லட்சத்துச் சொச்சம் வைத்துக்கொண்டு, கொஞ்சம் விர்ரென்று போகிற பழைய ஹேட்ச்பேக் தேடுகிறான். "மாப்ளே, உன் வண்டியாட்டவே ஒண்ணு வந்திருக்குது, எடுத்துறட்டுமா?" என்று கேட்டான். ஆமாம் என்றும் வரவில்லை, வேண்டாம் என்றும் வரவில்லை.

வண்டியைத் தெரிந்தவர்களுக்கு விவரம் தேவையில்லை. தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. அபார்த் என்பது ஃபியட்டின் வேகக் கார் பிரிவு. இந்த வண்டி 2015 அக்டோபரில் வந்தது. புனே பக்கம் ரஞ்சன்காவ்ன் தொழிற்சாலையில் கட்டிய ஃபியட் புன்ட்டோ ஈவோவின் உடம்பு, அதற்குள் 1.4 லிட்டர் டி-ஜெட் டர்போ பெட்ரோல் எஞ்சின். 145 குதிரைத்திறன், 212 நியூட்டன் மீட்டர், ஐந்து கியர், நான்கு சக்கரத்துக்கும் டிஸ்க் பிரேக். மணிக்கு நூறு கிலோமீட்டரைத் தொட 8.8 நொடி என்று கம்பெனி சொன்னது. அறிமுக விலை 9.95 லட்சம். பத்து லட்சத்துக்குள் இந்தச் சக்தியை அன்றைக்கு இங்கே வேறு யாரும் தரவில்லை. இருந்தும் விற்கவில்லை, சில வருஷத்தில் ஃபியட் கார்களே இந்தியாவில் நின்றுபோயின. நான் வாங்கியது இரண்டாம் கையாக, முதல் ஓனர் கொடுத்ததில் ஏறக்குறைய பாதி விலைக்கு.

இதன் சின்னம் தேள். கார்லோ அபார்த் விருச்சிக ராசிக்காரராம், அதனால் 1949-ல் கம்பெனி தொடங்கும்போது தேளையே சின்னமாக வைத்துக்கொண்டார். தேளுக்குத் தரையோடு ஒட்டிப் போவது இயல்பு. எனக்குத்தான் பழக நாளாயிற்று.

சாதாரண புன்ட்டோவுக்குத் தரை இடைவெளி 185 மில்லிமீட்டர், டீசலுக்கு 195. அபார்த்துக்கு ஸ்பிரிங்கைக் குட்டையாக்கி, இறுக்கி, 155-க்கு இறக்கினார்கள். இந்த இறக்கத்தினால் கிடைத்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் பின்னால் திட்டும்போது நியாயம் தவறிவிடும்.

ஆழியாறு அணையைத் தாண்டி வால்பாறைக்கு ஏறினால் நாற்பது கொண்டை ஊசி வளைவுகள். இரண்டாவது கியரில் வளைவுக்குள் நுழைகிறவரை டர்போ தூக்கத்தில் இருக்கும். வளைவு முடிந்து நிமிர்கிற இடத்தில் எஞ்சின் சுற்று நிமிஷத்துக்கு 2,000-ஐத் தாண்டியதும் முழித்துக்கொண்டு ஒரே தள்ளாகத் தள்ளும். ஸ்டீயரிங் ஒரு பக்கம் லேசாக இழுக்கும், கொஞ்சம் இறுக்கிப் பிடிக்க வேண்டும். ஆனால் என்னைக் கட்டிப்போட்டது அந்தத் தள்ளல்கூட இல்லை, ஸ்டீயரிங்தான். இப்போது வருகிற எல்லா ஹேட்ச்பேக்கிலும் மோட்டார் வைத்த எலக்ட்ரிக் ஸ்டீயரிங். ஒரு விரலால் திருப்பலாம், கைக்கு ஒரு சேதியும் வராது. இதில் பழைய ஹைட்ராலிக். மலை ஓரத்து மண் தார் மேல் சிதறிக் கிடந்தால், முன்சக்கரம் அதன் மேல் ஏறும் அந்தக் கணம் உள்ளங்கையில் பொடிப்பொடியாகத் தெரியும். மண் முடிந்து சக்கரம் மறுபடி தாரைப் பிடிப்பதும் தெரியும். சாலை எவ்வளவு தாங்கும் என்பதைக் கண்ணைவிடக் கை முன்னால் சொல்லிவிடுகிறது. வண்டி சாய்வதே இல்லை என்று சொல்லலாம். ஒன்பதாவது வளைவில் லோம்ஸ் வியூ பாயின்ட்டில் வரையாடு நிற்கும், அங்கே வண்டியை நிறுத்துவதே எனக்கு மனசில்லாமல்தான் நடக்கும்.

இதெல்லாம் அந்த 155 மில்லிமீட்டர் கொடுத்த வரம். ஆழியாறிலிருந்து கோயம்புத்தூர் திரும்பும் வழியில் அதற்கு வட்டி கட்டுகிறேன்.

வேகத்தடைக்கு ஒரு கணக்கு இருக்கிறது. சாலைகளுக்கு விதி வகுக்கும் இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸ் 1988-லேயே எழுதி வைத்திருக்கிறது: 17 மீட்டர் ஆரமுள்ள வட்டத்தின் ஒரு துண்டு மாதிரி வளைவு, 3.7 மீட்டர் அகலம், நடுவில் 10 சென்டிமீட்டர் உயரம். 40 மீட்டர் முன்னால் எச்சரிக்கைப் பலகை, மேட்டின் மேல் பெயின்ட். 25 கிலோமீட்டர் வேகத்தில் சுகமாக ஏறி இறங்கலாம். என் வண்டியின் முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் இடையே 2.51 மீட்டர். அதாவது, விதிப்படி போட்ட மேட்டில் நான்கு சக்கரமும் மேட்டின் மேலேயே நிற்கும். அப்போது சக்கரங்களுக்கு நடுவே மேடு எழும்பி நிற்பது ஐந்து சென்டிமீட்டருக்கும் குறைவு. நான்கு பேர் ஏறி ஸ்பிரிங் அமுங்கினாலும் வயிறு தட்ட வழியே இல்லை. பேப்பரும் பேனாவும் எடுத்துப் போட்டுப் பாருங்கள்.

எங்கள் பக்கம் கிடப்பது ஒன்றரை முழ அகலம், முக்கால் சாண் உயரம். சக்கரம் ஏறி இறங்கிவிடும், வயிற்றுக்குக் கீழே மேடு செங்குத்தாக நிற்கும். பலகை கிடையாது, பெயின்ட் கிடையாது. ஒரு விபத்து நடக்கும், இரவோடு இரவாக ஜல்லியும் தாரும் கொட்டி மட்டம் தட்டுவார்கள், மறுநாள் காலை அது அந்த ஊரின் சொத்து. பள்ளிக்கூடத் தெருவில் போட்டால் எனக்குக் கோபம் வராது. குழந்தைகள் ஓடும் இடத்தில் என் சைலென்சரை யார் பார்ப்பார்கள்? தென்னந்தோப்புக்கு நடுவே, மனித வாடையே இல்லாத இடத்தில் அடுத்தடுத்து மூன்று போட்டு வைத்திருக்கிறார்களே, அங்கேதான் பல்லைக் கடித்துக்கொள்கிறேன்.

தனியாகப் போனால் பிரச்சினை பாதிதான். குறுக்கே சாய்த்து, ஒவ்வொரு சக்கரமாக ஏற்றி இறக்கினால் தப்பலாம். எதிரே பைக்கில் வருகிறவர் "இவனுக்கு என்ன ஆச்சு" என்று பார்ப்பார், பார்த்துவிட்டுப் போகட்டும். குடும்பத்தோடு போனால் கதை வேறு. நெகமம் பக்கம் ஒரு கல்யாணத்துக்குப் போனோம். முன்னால் அப்பா, பின்னால் அம்மா, சித்தி, நடுவில் அமுச்சி (அம்மாவின் அம்மா). ஊர் எல்லையில் முதல் மேட்டிலேயே கர்ர்ர்க் என்றது. இரண்டாவது மேட்டுக்கு முன்னால் அப்பா, "எல்லாரும் எறங்கிருங்க, அவன் தாண்டுனதும் ஏறிக்கலாம்" என்றார். பட்டுப்புடவையோடு அம்மாவும் சித்தியும் இறங்கினார்கள். அமுச்சி அசையவில்லை.

"காசு குடுத்துக் காரு வாங்கீட்டு நடக்கறதாக்கும்? நீ ஓட்டு சாமி, உரசுனா உரசீட்டுப் போவுது."

உரசிவிட்டுத்தான் போனது. பெல்லோஸ் கிழிய ஆரம்பித்தது அன்றைக்காகத்தான் இருக்கும் என்பது மெக்கானிக்கின் ஊகம். அமுச்சியிடம் சொல்லவில்லை.

இதற்கு வைத்தியம் இல்லையா என்றால், இருக்கிறது. "ஒரு இஞ்ச் ஸ்பேசர் வெச்சுத் தூக்கிரலாம்ங்ணா, ஒரு மணி நேர வேலை" என்று மெக்கானிக் ஒவ்வொரு முறையும் சொல்கிறார். செய்தால் உரசாது, உண்மை. ஆனால் வண்டியின் எடை ஒரு இஞ்ச் மேலே போகும், ஆக்சில் தண்டு வேறு கோணத்தில் சுற்றும், சஸ்பென்ஷனின் கணக்கு மாறும். மேலே வால்பாறைக் கதை சொன்னேனே, அதில் பாதி போய்விடும். அப்படித் தூக்குவதென்றால் சாதாரண புன்ட்டோவே வாங்கியிருக்கலாமே. நான் செய்தது டயரை மட்டும் மாற்றியது. கம்பெனி அளவு 195/55 R16. தேய்ந்தபோது 205/55 போட்டேன். தரையிலிருந்து கிடைத்த கூடுதல் உயரம் ஐந்தரை மில்லிமீட்டர். சிரிக்காதீர்கள், சில மேடுகளில் அந்த ஐந்தரை போதுமானதாக இருக்கிறது.

மற்ற விஷயங்கள் சுருக்கமாக. ஊருக்குள் லிட்டருக்கு எட்டு, ஒன்பது கிலோமீட்டர். பைபாஸில் பொறுமையாகப் போனால் பன்னிரண்டு, பதின்மூன்று. டேங்க் 45 லிட்டர்தான், பங்க்காரர் பெயர் சொல்லிக் கூப்பிடும் அளவுக்குப் பழகிவிடுவீர்கள். 20 சதவீதம் எத்தனால் கலந்த இ20 பெட்ரோலுக்கென்று செய்த வண்டி இல்லை இது, அந்தக் கவலையும் கூடவே வரும். கிளட்ச் கனம், யு-டர்ன் அடிக்க ரோடு பத்தாது, பின்சீட்டில் உயரமானவர்களுக்கு முட்டி இடிக்கும். கட்டுமானம் மட்டும் அருமை. கதவைச் சாத்தும் சத்தத்தில் எடை தெரியும்.

உதிரி பாகம் கிடைக்குமா என்றுதான் எல்லோரும் முதலில் பயப்படுகிறார்கள். எஞ்சின், சஸ்பென்ஷன் பாகங்களுக்கு நான் பெரிதாக அலையவில்லை. பலதும் சாதாரண புன்ட்டோ, ஃபியட்டின் லீனியா டி-ஜெட் கார்களில் இருப்பவைதான். டெல்லி காஷ்மீரி கேட் கடைகளிலிருந்து கூரியரில் வரும், சென்னை புதுப்பேட்டையிலும் பழசு தேடலாம். பம்பர், ஸ்கர்ட், ஸ்டிக்கர் மாதிரி அபார்த்துக்கே உரியவைதான் கஷ்டம். சர்வீஸ் சென்டர் ஒன்றில் லோயர் ஆர்மை முழுசாக மாற்றச் சொல்லி ஒரு மதிப்பீடு கொடுத்தார்கள். வெளியே மெக்கானிக் புஷ் மட்டும் அழுத்தி மாட்டினார், செலவு அதில் கால்வாசிகூட இல்லை.

நண்பனுக்கு இருந்த மற்ற வழிகளையும் பார்த்தோம். 2013-ல் வந்த போலோ ஜிடி டிஎஸ்ஐ: 105 குதிரை, தானே கியர் மாற்றிக்கொள்ளும் ஏழு கியர் டிஎஸ்ஜி, நெடுஞ்சாலையில் வழுக்கிக்கொண்டு போகும். ஆனால் அந்த கியர்பாக்ஸில் எண்ணெயில் நனையாத உலர் கிளட்ச். அவிநாசி ரோட்டு நெரிசலில் ஊர்ந்து ஊர்ந்து போவது அதற்கு ஆகாது. கியர்பாக்ஸில் ஏதாவது வந்தால் ஐந்து லட்ச பட்ஜெட் தாங்காது. 2017-ன் பலேனோ ஆர்எஸ்: 1.0 லிட்டர் டர்போ, நான்கு டிஸ்க், எந்த ஊரிலும் சர்வீஸ். புத்திசாலிகளின் வண்டி. ஃபோர்டு ஃபிகோ 1.5 டீசல்: 100 குதிரை, 215 நியூட்டன் மீட்டர், பார்க்க வாடகை வண்டி மாதிரி இருக்கும், முந்தும்போதுதான் அதன் பலம் தெரியும். ஃபோர்டு 2021-ல் உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்ததிலிருந்து பழைய ஃபிகோவைப் பார்த்தால் பலர் ஒதுங்குகிறார்கள், அதனால் பேரம் பேசலாம். இடையில் அவனுக்குக் கூரை திறக்கும் கார் ஆசை வேறு வந்தது. அந்த பட்ஜெட்டில் கோவாவில் தயாரான சான் ஸ்டார்ம்தான் கிடைக்கும், ரெனோவின் 1.2 எஞ்சின், இரண்டே சீட். குழந்தையை எங்கே உட்கார வைப்பாய் என்று அவன் மனைவி கேட்டதும் அந்தப் பேச்சு முடிந்தது.

அவனுக்கு நான் சொன்ன பதில்: அபார்த் வாங்காதே, ஃபிகோ டீசல் வாங்கு. அவன் வீடு சூலூர் தாண்டி, தினமும் போகிற வழியில் மேடுகள் வரிசையாகக் கிடக்கின்றன. வயசான அப்பா அம்மாவை ஆஸ்பத்திரிக்கு ஏற்றிப் போக வேண்டும். வருஷத்தில் ஓரிரு முறை மலைக்குப் போவதற்காக மீதி நாளெல்லாம் வயிற்றை உரசிக்கொண்டு திரிய அவனுக்கு என்ன தலையெழுத்து? செட்டிபாளையம் கரி ஸ்பீட்வேக்குப் பக்கத்திலேயே குடியிருந்து, 2.1 கிலோமீட்டர் டிராக்கிலேயே ஓட்டப் போகிறாய் என்றால் சொல்லு, நானே கூட வந்து பேரம் பேசுகிறேன் என்றேன். கொஞ்சம் முறைத்தான்.

இவ்வளவுக்குப் பிறகும் ஒருவர் எடுக்கத்தான் போகிறார் என்றால், ஓட்டிப் பார்க்கும் முன் லிஃப்டில் ஏற்றி அடிப்பக்கத்தைப் பாருங்கள். ஓட்டிவிட்டால் அப்புறம் கண் தெரியாது. எண்ணெய் சம்ப்பில் (எஞ்சின் எண்ணெய் தங்கும் அடித்தட்டில்) நசுங்கல், சைலென்சர் குழாயின் நடுவில் பளபளவென்று தேய்ந்த இடம், புஷ்ஷில் வெடிப்பு, மூன்றையும் பாருங்கள். இந்த எஞ்சினில் இருப்பது டைமிங் பெல்ட், செயின் அல்ல. பெல்ட்டை மாற்றியதற்கு ரசீது காட்டாவிட்டால் அந்தச் செலவை விலையில் கழித்துவிட்டுப் பேசுங்கள். யாராவது ஸ்பேசர் வைத்துத் தூக்கிய வண்டியா என்றும் கேளுங்கள், இல்லை என்றுதான் சொல்வார்கள், நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

இதைப் படித்துவிட்டு என்னிடமே விலை கேட்க வேண்டாம். இந்த பில்லுக்கு முந்தின பில்லின்போதே ஒருவர் நல்ல விலை சொன்னார். கொடுப்பதாக இல்லை.