வயிற்றின் மேல் குறியா, கட்டியருகே தங்கமா?

மார்பையும் வயிற்றையும் பிரிக்கும் தசையான பிரிமென்றகட்டுக்கு அண்மையிலுள்ள நுரையீரல் கட்டி ஒவ்வொரு மூச்சுக்கும் 1 சென்ரிமீற்றருக்கு மேலாகவும் அசையக்கூடும் என்பதால், தெல்லிப்பழைப் புற்றுநோய் வைத்தியசாலைக்குக் கதிர்ச்சிகிச்சைக்குச் செல்வோரின் குடும்பத்தினரும் கதிர் கட்டியில் சரியாகப் படுவதற்காக அந்த அசைவைப் பின்தொடரும் வழிகளை அறிந்திருப்பது நல்லது.

வயிற்றின் மேல் வைத்த குறியை அகச்சிவப்புக் கமரா கவனிக்கும் முறையில் ஊசியுமில்லை, மேலதிகக் கதிருமில்லை. ஆயினும் தோலின் அசைவும் கட்டியின் அசைவும் எப்போதும் ஒத்துப்போவதில்லை. இருமலும் பதற்றமும் மூச்சின் ஒழுங்கைக் குலைக்கும்போது, திட்டமிடலுக்கான சி.ரி. ஸ்கானில் கண்ட தொடர்பு சிகிச்சை நாளில் மாறியிருக்கலாம்.

கட்டியருகே பதித்த தங்கத் துணுக்குகளை எக்ஸ்கதிரில் பார்ப்பது கூடுதல் துல்லியமானது. ஆனால் மார்புச்சுவர் வழியே ஊசி செலுத்துகையில் காற்றுக் கசிந்து நுரையீரல் சுருங்கும் ஆபத்துண்டு. நெடுநாள் புகைப்பழக்கத்தால் நுரையீரல் நலிந்த முதியவருக்கு, ஒவ்வொரு முறையும் படமெடுத்துச் சரிபார்ப்பதோடு, முதலாவதையே நான் விரும்புவேன்.